சட்டென்று கண் அங்கே போவது ஏன்? பார்வைக் கவனம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் உளவியல் பாடம் நடத்துகிறேன். அல்சூர், மர்பி டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள், எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் பைக்கில் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சுற்றிச் சுற்றி எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வரும்: "வேண்டாம் என்று நினைத்தாலும் கண் அங்கே போய்விடுகிறதே, ஏன்?"

அந்த முதல் இழுப்பு நம்மைக் கேட்டுவிட்டு நடப்பதில்லை. அதற்காக உங்களையோ பிள்ளையையோ திட்டிக்கொள்வதில் பயன் இல்லை. எது இழுக்கிறது, எவ்வளவு நேரம் இழுக்கிறது, அந்த நேரத்தில் நாம் எதைத் தவறவிடுகிறோம் என்று தெரிந்துகொள்வதில் நிறைய பயன் இருக்கிறது.

கண் திரும்புவதும் கவனம் திரும்புவதும் ஒன்றுதானே?

இல்லை. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே போகும், ஆனால் கவனம் முன்னால் போகும், கண் பின்னால் வரும். கண்ணை அசைக்காமலேயே கவனத்தை மட்டும் நகர்த்தவும் முடியும். மெட்ரோவில் எதிரே இருப்பவரைப் பார்ப்பதுபோல் இருந்துகொண்டே பக்கத்து சீட்டுக்காரரின் போன் திரையை நோட்டமிடுகிறோமே, அதுதான்.

19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். இருட்டான பெட்டிக்குள் எழுத்துகள். நடுவில் ஒரு சிறு ஒளிப்புள்ளி, அதிலேயே கண்ணை நிறுத்திக்கொள்வார். ஒரு மின்பொறி கண நேரம் எழுத்துகளைக் காட்டிவிட்டு அணைந்துவிடும். கண்ணை நகர்த்த அவகாசமே கிடையாது. ஆனாலும் எந்தப் பக்கத்து எழுத்துகளைக் கவனிக்கலாம் என்று முன்பே மனத்தில் முடிவு செய்திருந்தாரோ, அந்தப் பக்கத்து எழுத்துகளை அவரால் படிக்க முடிந்தது.

சரி, தானாகத் திரும்புகிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் போஸ்னர் இதற்கு ஒரு சோதனை முறையை உருவாக்கினார். 1980இல் வந்த அவருடைய கட்டுரை இன்றும் இந்தத் துறைக்கு அடிப்படை. சோதனை மிக எளிமையானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திரையின் நடுவில் ஒரு கூட்டல் குறி. இடப்பக்கம் ஒரு கட்டம், வலப்பக்கம் ஒரு கட்டம். கூட்டல் குறியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. திடீரென்று ஒரு கட்டத்தின் ஓரம் மின்னி மறையும். கொஞ்ச நேரம் கழித்து ஏதாவது ஒரு கட்டத்துக்குள் ஒரு புள்ளி தோன்றும். புள்ளி தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

மின்னிய கட்டத்திலேயே புள்ளி வந்தால் கை வேகமாக அழுத்துகிறது. எதிர்க் கட்டத்தில் வந்தால் தாமதமாகிறது. வித்தியாசம் சில பத்து மில்லி விநாடிகள்தான், ஆனால் ஆளுக்கு ஆள், திரும்பத் திரும்ப வருகிறது. புள்ளி எந்தப் பக்கம் வரும் என்பதற்கும் மின்னலுக்கும் சம்பந்தமே இல்லாதபடி, பாதிக்குப் பாதி என்று வைத்தாலும் இதே கதைதான். மின்னலைப் பின்தொடர்வதால் லாபம் எதுவும் இல்லை என்று தெரிந்தும் கவனம் அங்கே போகிறது.

ஜான் ஜோனைட்ஸ் 1981இல் இன்னும் ஒரு படி மேலே போனார். நடுவில் அம்புக்குறி போட்டு "இந்தப் பக்கம் பார்" என்று காட்டுவது ஒரு வகை, ஓரத்திலேயே ஒரு குறியைத் திடீரென்று தோன்ற வைப்பது இன்னொரு வகை. சோதனைக்கு வந்தவர்களை எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லி மூளைக்கு வேலை கொடுத்தார். அம்புக்குறியின் பலன் அதனால் குறைந்தது. ஓரத்துக் குறியின் இழுப்போ அப்படியே இருந்தது. "அதைக் கண்டுகொள்ளாதீர்கள்" என்று சொன்னபோதும் அம்புக்குறியை விட முடிந்தது, ஓரத்துக் குறியை விட முடியவில்லை. நாமே செலுத்தும் கவனம், நம்மை இழுத்துக்கொண்டு போகும் கவனம் என்று இரண்டு வழிகள் இருக்கின்றன என்பது இப்படித்தான் தெளிவானது.

எவ்வளவு வேகமாக நடக்கிறது?

ஓரத்தில் ஒன்று தோன்றி சுமார் 100 மில்லி விநாடிக்குள் கவனம் அங்கே உச்சத்தில் இருக்கும். நாமாக முடிவு செய்து கவனத்தை ஓர் இடத்தில் நிறுத்த ஏறக்குறைய 300 மில்லி விநாடி ஆகும். கண் தாவி அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வது வழக்கமாக 200 மில்லி விநாடி கழித்துத்தான் தொடங்கும்.

ரோட்டுக் கணக்கில் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. இழுக்கப்படும் கவனம் ஓர் இடத்தை அடையும்போது வண்டி ஒரு மீட்டர் சொச்சம்தான் நகர்ந்திருக்கும். நாமாகத் திருப்பும் கவனத்துக்கு மூன்று மீட்டருக்கு மேல். சந்திலிருந்து நாய் குறுக்கே ஓடி வரும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்த இரண்டு மீட்டர்தான். இந்த இழுப்பே இல்லாத மனிதர் நம் ஊர் ரோட்டில் ஒரு வாரம் கூடத் தாங்க மாட்டார்.

மூளையில் எங்கே நடக்கிறது?

முதலில் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும். கையை நேராக நீட்டிக் கட்டை விரலைப் பாருங்கள். அந்த விரலின் அகலம் ஏறத்தாழ 2 டிகிரி. நாம் மிகக் கூர்மையாகப் பார்ப்பது கிட்டத்தட்ட அவ்வளவு இடத்தை மட்டுமே. மற்ற இடமெல்லாம் மங்கல், ஆனால் அசைவும் மின்னலும் அந்த மங்கலிலும் நன்றாகவே தெரியும். ஓரத்தில் அசைந்ததைக் கண்டதும் கூர்மையான பகுதியை அங்கே திருப்பிப் பார்ப்பதுதான் இந்த ஏற்பாட்டின் வேலை.

நடுமூளையில் சுப்பீரியர் கொலிக்குலஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. விழித்திரையிலிருந்து அதற்கு நேரடி இணைப்பு உண்டு. மீன், தவளை ஆகியவற்றுக்கும் இதற்கு ஈடான பகுதி இருக்கிறது. தவளை ஈயைப் பிடிக்கத் திரும்புவது அதன் துணையோடுதான். நமக்கு அதற்கு மேல் மூளைப் புறணியில் பக்கவாட்டுப் பகுதியும் முன்பகுதியும் சேர்ந்துகொள்கின்றன. மோரிசியோ கோர்பெட்டாவும் கோர்டன் ஷுல்மனும் 2002இல் முன்வைத்த விளக்கத்தின்படி, விரும்பிச் செலுத்தும் கவனத்துக்கு மூளையின் மேல்புறத்தில் ஒரு வலையமைப்பு, எதிர்பாராதது வந்தால் குறுக்கிட்டுத் திருப்பிவிட வலது பக்கம் கீழ்ப்புறத்தில் இன்னொன்று. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. பெங்களூரிலேயே இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையத்தில் கவனம் குறித்த ஆய்வுகள் நடக்கின்றன என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

எது இழுக்கும், எது இழுக்காது?

இல்லாத இடத்தில் புதிதாக ஒன்று தோன்றுவதுதான் வலுவான இழுப்பு. ஸ்டீவன் யான்டிஸும் ஜோனைட்ஸும் 1984இல் இதைக் காட்டினார்கள். பல எழுத்துகளுக்கு நடுவே ஓர் எழுத்து மட்டும் திடீரென்று முளைத்தால், எத்தனை எழுத்துகள் இருந்தாலும் அதை உடனே கண்டுபிடித்துவிடுகிறோம். அப்புறம் நின்றிருந்த பொருள் அசையத் தொடங்குவது. அப்புறம் நம்மை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே வருவது. விலகிப் போவதைவிட நெருங்கி வருவது அதிகம் இழுக்கிறது என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது, அதன் காரணத்தை விளக்கவே வேண்டாம்.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் அசைவு அவ்வளவாக இழுக்காது. கூரையில் சுற்றும் ஃபேனை யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அது நிற்கும்போதோ கிளம்பும்போதோதான் தலை நிமிர்கிறது.

எதைப் பார்த்தாலும் இழுக்கத்தான் செய்யும் என்றால், வேலையில் மூழ்கி இருப்பவர் எதையுமே கவனிப்பதில்லையே?

மிகச் சரியான கேள்வி. ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாக வாதாடும் இடமும் இதுதான்.

நெதர்லாந்தைச் சேர்ந்த யான் தெயூஸ் 1990களின் தொடக்கத்தில் செய்த சோதனைகளில், வடிவத்தைத் தேடச் சொல்லிவிட்டு, நடுவே வேறு நிறத்தில் ஒரு பொருளை வைத்தார். நிறத்துக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் அந்தத் தனி நிறம் ஆட்களைத் தாமதப்படுத்தியது. துருத்திக்கொண்டு நிற்பது எதுவானாலும் முதலில் இழுத்துவிடும் என்பது அவர் கட்சி.

1992இல் சார்லஸ் ஃபோக், ரோஜர் ரெமிங்டன், ஜேம்ஸ் ஜான்ஸ்டன் மூவரும் எதிர்க்கட்சி. நிறத்தைத் தேடிக்கொண்டிருப்பவரை நிறத்தால் வரும் குறிதான் இழுத்தது, திடீர் மின்னல் இழுக்கவில்லை. மின்னலைத் தேடிக்கொண்டிருப்பவரிடம் நேர் எதிர். மனத்தில் எதைத் தேடுகிறோமோ அதன் சாயலில் வருவதுதான் இழுக்கும் என்றார்கள்.

நம் ஊரில் இதைத் தினமும் அனுபவிக்கிறோம். ஆப்பில் ஆட்டோ புக் செய்துவிட்டு மெஜஸ்டிக் பஸ் நிலைய வாசலில் நிற்கிறீர்கள். மனத்தில் பச்சையும் மஞ்சளும். அந்த நேரத்தில் பச்சைத் தார்ப்பாய் காற்றில் ஆடினாலும் தலை திரும்பும், மஞ்சள் பை ஆடினாலும் திரும்பும். சிவப்புச் சட்டைக்காரர் கை ஆட்டியது தெரிந்திருக்காது. அவர் உங்கள் பழைய நண்பராக இருந்தால், "பெங்களூர் வந்ததும் ஆளே மாறிட்டே" என்று அன்று ராத்திரி போன் வரும்.

என் கணிப்பு: இரு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. மனத்தில் உள்ள தேடல் இழுப்பின் அளவைக் கூட்டும், குறைக்கும். வலுவான, திடீர்த் தோற்றம் தேடலையும் மீறிக்கொண்டு வரும். பழகிப்போன தொந்தரவை மூளை அமுக்கிவைக்கக் கற்றுக்கொள்ளவும் செய்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மின்னுவதன் இழுப்பு நாளடைவில் குறைவதைச் சோதனைகளில் பார்க்கலாம். ஓசூர் ரோட்டை ஒட்டிய வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடமும் பார்க்கலாம்.

எல்லாரும் ஒரு பக்கம் பார்த்தால் நானும் பார்த்துவிடுகிறேன். இதுவும் அதே வகைதானா?

ஒரே குடும்பம், கொஞ்சம் வேறு கிளை. 1998இல் கிறிஸ் ஃப்ரீசனும் ஆலன் கிங்ஸ்டோனும் திரையின் நடுவே ஒரு கோட்டு முகத்தைக் காட்டினார்கள். அதன் கண்கள் இடமோ வலமோ திரும்பும். அதை நம்ப வேண்டாம் என்று முன்பே சொல்லியும், முகம் பார்த்த பக்கத்தில் வந்த பொருளை ஆட்கள் வேகமாகக் கண்டுபிடித்தார்கள். பொருள் எதிர்ப்பக்கம் வரத்தான் வாய்ப்பு அதிகம் என்று சொன்ன சோதனைகளில்கூட முதல் சில நூறு மில்லி விநாடிகளுக்கு இழுப்பு அந்தக் கண்களின் திசையிலேயே இருந்தது.

இதன் தெருவோர வடிவத்தை ஸ்டான்லி மில்கிராமும் கூட்டாளிகளும் நியூயார்க் நடைபாதையில் செய்து பார்த்து, 1969இல் வெளியிட்டார்கள். ஒருவர் மட்டும் நின்று மேலே ஒரு ஜன்னலைப் பார்த்தபோது, கடந்து போனவர்களில் 42 சதவீதம் பேர் மேலே பார்த்தார்கள். 15 பேர் நின்று பார்த்தபோது 86 சதவீதம். ஜன்னலில் பெரிதாக ஒன்றும் இல்லை. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை மாலை நீங்களே முயன்று பார்க்கலாம், நடைபாதையை மறிக்காமல்.

"பார்த்துத்தான் ஓட்டினேன், பைக் வந்ததே தெரியலை" என்கிறார்களே, பொய்யா?

பெரும்பாலும் பொய் இல்லை. இதில் எனக்கு அக்கறை அதிகம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

சாதாரணமாக ஒரு பொருள் இடம் மாறினாலோ புதிதாக வந்தாலோ அந்த இடத்தில் ஓர் அசைவு தெரியும், அது கவனத்தை இழுக்கும். அந்த இழுப்பைக் கெடுத்துவிட்டால் பெரிய மாற்றம்கூடக் கண்ணில் படாது. 1999இல் கெவின் ஓ'ரீகன், ரொனால்ட் ரென்சிங்க், ஜேம்ஸ் கிளார்க் மூவரும் ஒரு படத்தைக் காட்டினார்கள். படத்தில் ஒன்று மாறும் அதே நொடியில், வேறு இடங்களில் சேறு தெறித்தது போலச் சில திட்டுகள் வந்து மறையும். மாறிய இடத்தை எந்தத் திட்டும் மறைக்கவில்லை. ஆனாலும் பலர் மாற்றத்தைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் கவனம் திட்டுகளின் பக்கம் போய்விட்டது.

இப்போது சில்க் போர்டு சந்திப்புப் பக்கம் மழை நேரத்து மாலையை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் தெறிக்கும் தண்ணீர், வைப்பர், எதிர் வண்டியின் ஹை பீம், பக்கத்துக் காரின் இண்டிகேட்டர். எல்லாம் திடீர் மின்னல்கள். அவற்றின் நடுவே இடப்பக்கம் நுழையும் பைக்கும் ஒரு மின்னல்தான், ஆனால் வரிசையில் கடைசி. ஓட்டுநரின் கண் அந்தத் திசையில் இருந்திருக்கலாம். கவனம் இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. பந்து கைமாறுவதை எண்ணச் சொல்லிவிட்டு, நடுவே கொரில்லா வேஷத்தில் ஒருவரை நடக்கவிட்ட சோதனையை 1999இல் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கொரில்லாவைப் பார்க்கவே இல்லை. கொரில்லா மெதுவாக நடந்து வந்தது, சட்டென்று முளைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேலையில் கவனம் இறுகி இருக்கும்போது மெதுவாக வருவது தப்பிவிடும். நமக்கு நேராகச் சீரான வேகத்தில் வரும் பைக்கும் அப்படியே. தூரத்தில் இருக்கும்வரை அதன் உருவம் அதே இடத்தில் சிறு புள்ளியாகவே இருக்கும், கிட்டே வந்த பிறகுதான் மளமளவென்று பெரிதாகும்.

ஒருமுறை பார்த்த பக்கம் மறுபடி பார்க்கத் தோன்றுவதில்லையே?

போஸ்னரும் யோவ் கோஹனும் 1984இல் இதைக் கவனித்தார்கள். மின்னலுக்கும் புள்ளிக்கும் இடையே சுமார் 300 மில்லி விநாடிக்கு மேல் விட்டால் முடிவு தலைகீழாகிறது. மின்னிய பக்கத்தில் வரும் புள்ளிக்குத்தான் இப்போது தாமதம். கவனம் போய்ப் பார்த்தது, ஒன்றும் இல்லை, திரும்பிவிட்டது, அங்கேயே மறுபடி போகத் தயங்குகிறது. இந்தத் தயக்கம் இரண்டு மூன்று விநாடி நீடிக்கும்.

கே.ஆர். மார்க்கெட் கூட்டத்தில் தொலைத்த ஆளைத் தேடும்போது இது நல்லது. பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் கண் புதிய இடங்களுக்குப் போகும். தேடலுக்கு இது உதவுகிறது என்பதை ரேமண்ட் க்ளைனின் ஆய்வுகள் ஆதரிக்கின்றன. ரோட்டில் திரும்பும்போதோ இதுவே எமன். வலப்பக்கம் பார்த்தாயிற்று, காலி. இடப்பக்கம் பார்த்தாயிற்று, காலி. மூளைக்கு வலப்பக்கம் "பார்த்து முடித்த இடம்". ஆனால் மூன்று விநாடியில் 40 கிலோமீட்டர் வேக வண்டி 33 மீட்டர் வந்துவிடும். வலப்பக்கம் இரண்டாவது முறை பார்ப்பதை வேண்டுமென்றே செய்ய வேண்டும், தானாக வராது.

ஹாரன் சத்தம் கண்ணை இழுக்குமா?

இழுக்கும். ஒரு பக்கத்திலிருந்து திடீர்ச் சத்தம் வந்தால் அந்தப் பக்கத்தில் தோன்றும் மங்கலான ஒளியைக்கூட நன்றாகக் கண்டுபிடிக்கிறோம் என்று 2000இல் ஜான் மெக்டொனால்டும் குழுவினரும் காட்டினார்கள். ஆனால் சத்தத்துக்குத் திசை இருந்தால்தான் இது உதவும். சிக்னல் பச்சையானதும் பின்னால் இருக்கும் முப்பது வண்டியும் அடித்தால் திசை ஏது?

பிள்ளை படிக்கும்போது போன் மின்னினாலே திரும்பிவிடுகிறான். கண்டித்தால் சரியாகுமா?

முதல் இழுப்பு கண்டிப்புக்கு அடங்காது. கண்டித்தால் போனோடு உங்கள் முகமும் அவன் கவனத்தில் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

2015இல் வந்த ஓர் ஆய்வில், கவனம் தேவைப்படும் வேலை ஒன்றைச் செய்துகொண்டிருந்தவர்களின் போனுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பினார்கள். அவர்கள் போனைத் தொடவே இல்லை. ஆனாலும் பிழைகள் கூடின. கண் போனதோடு முடிவதில்லை, "யாராக இருக்கும்" என்ற எண்ணமும் கூடவே போகிறது.

அதனால் இடத்தை மாற்றுங்கள். மேஜையைச் சுவர் பார்த்துப் போடுங்கள், பக்கவாட்டில் டிவியோ வாசலோ பால்கனியோ வேண்டாம், ஏனென்றால் ஓரப்பார்வையில் வரும் அசைவுதான் வலுவாக இழுக்கும். போன் இன்னொரு அறையில் இருக்கட்டும். கவிழ்த்து வைப்பது இரண்டாம்பட்சம், வைப்ரேஷன் மேஜை முழுக்கக் கேட்கும். இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் தனி அறைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பிள்ளைக்கு நேர் பின்னால் நடமாட்டம் இருக்கும்படி வைத்தாலே நிறைய குறையும்.

திரும்பித் திரும்பிப் பார்ப்பது கவனக் குறைபாட்டு நோயா?

இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. வீடு, பள்ளி, விளையாட்டு என்று எல்லா இடத்திலும், பல மாதங்களாக, அன்றாட வாழ்க்கையே பாதிக்கும் அளவுக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரோட்டோர எல்இடி விளம்பரங்கள் ஆபத்தா?

ஓட்டுபவர் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கும் நேரம்தான் கணக்கு. அமெரிக்காவில் நூறு கார்களில் கேமரா பொருத்தி நடத்திய ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. இரண்டு விநாடிக்கு மேல் கண்ணை எடுப்பது விபத்துக்கோ மயிரிழையில் தப்புவதற்கோ உள்ள வாய்ப்பைக் குறைந்தது இரு மடங்காக்குகிறது. இரண்டு விநாடி என்றால் நம் 40 கிலோமீட்டர் வேகத்தில் 22 மீட்டர்.

அசையாத பலகையைவிட, படம் சட்டென்று மாறும் பலகை மோசம். ஒவ்வொரு மாற்றமும் புதுத் தோற்றம். பெங்களூர் மாநகராட்சி 2018இல் வணிக விளம்பரப் பலகைகளுக்குத் தடை போட்டது பலருக்கு நினைவிருக்கும். சட்டவிரோதப் பலகைகளுக்காக உயர் நீதிமன்றம் கண்டித்ததை ஒட்டி வந்த தடை அது. சந்திப்புகளுக்கு அருகில் மாறும் திரைகளே கூடாது என்று கவனத்தை முன்னிட்டும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கவனம் போன இடம் நிஜமாகவே தெளிவாகத் தெரிகிறதா, பிரமையா?

தோற்றமே மாறுகிறது. மரிசா கராஸ்கோவும் குழுவினரும் 2004இல் இரண்டு வரிப் படங்களைக் காட்டி எது அழுத்தமாகத் தெரிகிறது என்று கேட்டார்கள். ஒரு பக்கம் சற்று முன்பு ஒரு புள்ளி மின்னியிருந்தால், அந்தப் பக்கத்துப் படம் உண்மையில் இருப்பதைவிட அழுத்தமாகத் தெரிந்தது.

பக்கவாதத்துக்குப் பின் அப்பா தட்டில் பாதிச் சோற்றை விட்டுவிடுகிறார். இதற்கும் கவனத்துக்கும் தொடர்பு உண்டா?

இருக்க வாய்ப்பு அதிகம். மூளையின் வலப்பக்கம், குறிப்பாகப் பக்கவாட்டுப் பகுதி பாதிக்கப்பட்டால் இடப்பக்க உலகமே கவனத்திலிருந்து விழுந்துவிடலாம். தட்டின் இடப்பக்கத்துச் சோறு அப்படியே இருக்கும், வலக் கன்னம் மட்டும் சவரம் ஆகியிருக்கும், இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் வலப்பக்கம் தேடுவார். கண் கெட்டுவிட்டது என்று கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போகிறார்கள். பலருக்குக் கண் நன்றாகவே இருக்கும். சிலருக்கு இடப்பக்கம் மட்டும் விரலை ஆட்டினால் தெரியும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஆட்டினால் இடப்பக்கத்து விரல் மறைந்துவிடும்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை, பிடிவாதமும் இல்லை. இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது, நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், மறுவாழ்வுப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். ஒருவேளை இந்தப் பிரச்சினை திடீரென்று இன்று தொடங்கியதாக இருந்தால் காத்திருக்கவே கூடாது, உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். இருவர் எதிரெதிரே உட்காருங்கள். நீங்கள் எதிரில் இருப்பவரின் மூக்கையே பார்க்க வேண்டும். அவர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல்களை மூடி வைத்திருப்பார். ஒரு கையில் எத்தனை விரல் நீட்டினாலும் கண்ணைத் திருப்பாமல் எண்ணிச் சொல்லுங்கள். மெதுவாக நீட்டினால் எண்ணுவது கஷ்டம், கண்ணைத் திருப்பாமல் இருப்பது சுலபம். சட்டென்று நீட்டினால் கண் திரும்பிவிடும், அல்லது திரும்பப் போனதை நீங்கள் பிடித்து நிறுத்துவது உங்களுக்கே தெரியும். அந்தப் பிடித்து நிறுத்தும் கணத்தைத்தான் பாருங்கள். கவனம் ஏற்கனவே போய்விட்டது, கண்ணை மட்டும் நிறுத்தியிருக்கிறீர்கள்.

தினமும் ஆட்டோவோ பைக்கோ ஓட்டுகிறவருக்கு ஒரு நாலு விஷயம் சொல்லுங்கள்.

சந்திப்பில் வலம், இடம், மறுபடி வலம் என்று மூன்று பார்வை. காரணம் மேலே சொன்னேன். காராக இருந்தால் முன்கண்ணாடித் தூணுக்குப் பின்னால் பைக் முழுதாக மறையும், அதனால் கண்ணோடு தலையையும் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள்.

போன் ஹோல்டரில் வழிகாட்டும் ஆப் ஓடுகிறதென்றால், ஓட்டும் நேரத்துக்கு மற்ற எல்லா நோட்டிஃபிகேஷனையும் நிறுத்தி வையுங்கள். புது சவாரிக்கான அறிவிப்பு திரை முழுக்க மின்னுவது ஆட்டோக்காரர்களின் பெரிய தலைவலி. சவாரி கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் புரிகிறது. சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாலே கண் போகும் அளவு குறையும், வண்டியை ஓரம் கட்டிய பிறகு பார்க்கலாம்.

பைக்கில் போகிறவர் பகலிலும் ஹெட்லைட் போட்டபடி போங்கள். இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புது இரு சக்கர வண்டிகளில் அது தானாகவே எரியும்படிதான் வருகிறது. பழைய வண்டி என்றால் நீங்களே போட வேண்டும். பெரிய வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போய்ச் சட்டென்று எட்டிப் பார்க்காதீர்கள். எதிரே வருபவரின் கவனத்தை நீங்கள் இழுப்பீர்கள், உண்மைதான், ஆனால் அவர் பிரேக்கை மிதிக்க அதற்குப் பிறகு தூரம் மிச்சம் இருக்காது.